மர ரேகைமேல் கட்டைவிரல் ரேகை: பிள்ளைகளோடு செய்யும் ஹார்ட்டின்

"காதலர் தினத்துக்கு நாலு வயசுப் பையன் யாருக்கு என்னத்தைக் கொடுக்கப் போறான்?" என்று மாமியார் கேட்டார். "உங்களுக்குத்தான் அத்தை" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. அந்த வருஷம் செய்த மர ஹார்ட்டின் இன்றும் அவர் கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்குகிறது.

பிப்ரவரி 14 என்றாலே நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். பின்லாந்தில் அதே நாளுக்கு நண்பர்கள் தினம் என்றுதான் பெயர். யாரும் யாருக்கும் வாழ்த்து அனுப்பலாம். வேல்ஸ் நாட்டில் மனசுக்குப் பிடித்தவருக்கு மரக்கரண்டி செதுக்கிக் கொடுக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கார்டிஃப் அருகே உள்ள செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667 என்று ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று இருக்கிறது. செய்தவன் அந்த நாலு எண்ணைப் பொறிக்காமல் விட்டிருந்தால் அதன் வயதை ஊகித்துக்கொண்டுதான் இருப்பார்கள். எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு மரப்பாச்சி ஜோடி நிற்கிறது. அது யார் கல்யாணத்துக்கு வந்தது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. பொம்மையின் அடியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் சண்டையே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

செய்யப்போவது இதுதான்: உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மர ஹார்ட்டின். முகப்பில் பிள்ளைகளின் கட்டைவிரல் ரேகை, அவர்கள் கையெழுத்திலேயே ஒரு பெயர். அறுப்பது, துளை போடுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. அதை எவ்வளவு நேர்த்தியாக வேண்டுமானாலும் செய்யுங்கள். முகப்பை மட்டும் திருத்தாதீர்கள். கோணல் எழுத்தை நாம் நேராக்கிவிட்டால், கடையில் வாங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

எப்போது தொடங்குவது

பிப்ரவரி முதல் சனி ஞாயிறில். வேலை மொத்தமே நாலைந்து மணி நேரம்தான், ஆனால் நடுவில் காயவிட வேண்டும். நாலு வயசுக் குழந்தைக்கு இருபது நிமிஷத்துக்குமேல் ஒரு வேலையில் மனசு நிற்காது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு கட்டம் போதும். மாசி பிறக்கும் சமயம் நம் ஊரில் காற்று உலர்ந்திருக்கும், பெயின்ட் சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் இதே வேலைக்கு இரண்டு மடங்கு நாள் பிடிக்கும்.

மரம்

புதுப்பலகை வாங்கவே வேண்டாம். எந்த மரப்பட்டறையிலும் மூலையில் துண்டுகள் குவிந்து கிடக்கும். 15 சென்டிமீட்டர் சதுரம், 12 மில்லிமீட்டர் கனம் உள்ள துண்டு கேளுங்கள். 18 மில்லிமீட்டர் கிடைத்தாலும் சரி, தொங்கவிடாமல் அலமாரியில் நிற்க வைக்கலாம்.

என் முதல் தேர்வு ரப்பர் மரம். வெளிர் நிறம், நெருக்கமான இழை, விரல் ரேகை பளிச்சென்று தெரியும். பொம்மைத் தொழிலிலும் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். மலைவேம்பும் நல்லது, மென்மையாக இருக்கும், பிள்ளைகள் தேய்க்கச் சுலபம். தேக்கு என்றால் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு. இந்த வேலைக்கு அது சரிப்படாது: நிறம் அடர்த்தி, மரத்திலேயே எண்ணெய்ப் பசை, பெயின்ட் சரியாகப் பிடிக்காது. எம்.டி.எஃப்., அதாவது மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை, அறுக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூளில் பிசினும் ஃபார்மால்டிஹைடும் கலந்திருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்து தேய்க்கப்போகிற பொருளுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. பிளைவுட்டில் ஓரம் சிலும்பும், விரலில் சிராய் ஏறும்.

பேக்கிங் பெட்டியின் பைன் மரம் இலவசமாகக் கிடைத்தால் ஒரு விஷயம் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பெட்டியில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தில் பூச்சி நீக்கிய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படம்

ஹார்ட்டினைக் கையால் வரைந்தால் ஒரு பக்கம் குண்டாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வரும். ஏழு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் காம்பஸைக் கொடுத்து இப்படி வரையச் சொல்லுங்கள். காகிதத்தில் 8 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, ஒரு முனை கீழே வருகிற மாதிரி திருப்பி வையுங்கள். மேல்பக்கம் இரண்டு சரிவான கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியிலும் காம்பஸ் முள்ளைக் குத்தி, 4 சென்டிமீட்டர் ஆரத்தில் வெளிப்பக்கமாக அரைவட்டம் போட வேண்டும். அவ்வளவுதான், கச்சிதமான ஹார்ட்டின். அகலம் 13.7 சென்டிமீட்டர், உயரம் 12.5 வரும். நம் துண்டுப் பலகையில் சரியாக உட்காரும். என் மகள் இதைச் செய்துவிட்டு, "ஹார்ட்டினுக்குள்ள கட்டம் ஒளிஞ்சிருக்கும்மா" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெட்டிய காகிதத்தை மரத்தில் வைக்கும்போதுதான் கவனம் வேண்டும். முதல் தடவை நான் எப்படியோ ஒட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஆசாரி வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, ரேகை குறுக்கால ஓடுதே. இந்த முனை கீழ விழுந்தா பொசுக்குன்னு போயிரும்" என்று சொல்லி, காகிதத்தைப் பிரித்துக் கால்வட்டம் திருப்பி ஒட்டினார். மரத்தின் ரேகை, அதாவது இழை ஓடும் கோடு, மேலிருந்து கீழாக, மேட்டிலிருந்து கூர்முனை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கூர்முனையில் ரேகை குட்டை குட்டையாக அறுபட்டு, அங்கே மரத்துக்குப் பலமே இருக்காது.

அறுப்பு

தொங்கவிடுவதாக இருந்தால் துளையை அறுப்பதற்கு முன்னாலேயே போடுங்கள். சதுரப் பலகையைப் பிடித்துக்கொள்வது சுலபம். பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத மரத்துண்டை வைத்துத் துளைத்தால் பின்பக்கம் பிய்யாது. கயிறு நடுப்பள்ளத்தின் இரு பக்கமும் வருகிற மாதிரி மேட்டுக்கு ஒன்றாக இரண்டு துளைகள், 5 மில்லிமீட்டர் பிட். விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

வீட்டில் கோப்பிங் சா (வளைவாக அறுக்கும் மெல்லிய கைரம்பம்) இருந்தால், பலகையை மேஜை ஓரத்தில் சி கிளாம்ப் என்ற திருகுப் பிடி போட்டு இறுக்கி, முதலில் இரண்டு நேர்க்கோடுகளையும் கூர்முனை வரை அறுங்கள். அப்புறம் வளைவுகள். நடுப்பள்ளத்துக்கு மேலிருந்து நேராக ஒரு வெட்டு இறக்கிவிட்டால், வளைவில் வரும்போது ரம்பம் அங்கே மாட்டிக்கொள்ளாது. கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுங்கள், மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். ரம்பம் இல்லாதவர்கள் ஆசாரியிடமே கொடுத்துவிடுங்கள். ஜிக்சா என்ற மின்ரம்பத்தில் அவருக்கு இது ஐந்து நிமிஷ வேலை. மிஷின் ஓடும்போது பிள்ளைகள் பட்டறை வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். இதில் கெஞ்சலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

உப்புத்தாள்

இங்கேதான் பிள்ளைகள் நிஜமாக வேலை செய்கிறார்கள். நாலு வயசும் தேய்க்கலாம், பத்து வயசும் தேய்க்கலாம்.

80, 120, 220 என்று மூன்று எண்களில் தாள் வாங்குங்கள். எண் ஏற ஏற சொரசொரப்பு குறையும். தாளைச் சும்மா கையில் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுந்தும் இடம் மட்டும் குழியும். தீப்பெட்டி அளவு மரக்கட்டையிலோ பெரிய அழிப்பானிலோ சுற்றிக் கொடுங்கள். நடுப்பள்ளத்துக்குக் கட்டை போகாது, பென்சிலில் சுற்றினால் போகும். தேய்ப்பது எப்போதும் ரேகை ஓடும் திசையில்தான். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் அப்போது தெரியாது, வார்னிஷ் அடித்ததும் தெரியும். சின்னவனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தபோது, அவன் அக்காதான் "பூனையைத் தடவுற மாதிரிடா, வால் பக்கமா" என்றாள். அதற்கப்புறம் அவன் குறுக்கே தேய்க்கவில்லை.

மொட்டை மாடியிலோ வாசலிலோ செய்தித்தாளை விரித்து உட்காருங்கள். ஆளுக்கொரு மாஸ்க் வேண்டும். எந்த மரத்தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

120 முடிந்ததும், ஈரத்துணியை நன்றாகப் பிழிந்துவிட்டு மரத்தை ஒரு தடவை துடைத்துக் காய வையுங்கள். அரை மணி கழித்துத் தொட்டால், வழவழப்பாக இருந்த மரம் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். படுத்திருந்த நார்கள் ஈரம் பட்டு எழுந்துகொண்டன. பயப்பட வேண்டாம், இப்போதே எழுந்தால்தான் நல்லது, இல்லாவிட்டால் பூச்சு அடிக்கும்போது எழும். இனி 220 தாளால் லேசாகத் தேய்த்தால் அடங்கிவிடும். போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் பஞ்சை எடுத்து மரம் முழுக்க, ஓரம் உட்பட, தடவச் சொல்லுங்கள். எங்கே பஞ்சு இழை மாட்டுகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள், நம்மைவிடக் கறாராகக் குறை கண்டுபிடிப்பார்கள்.

முதல் பூச்சு

மொட்டை மரத்தில் நேராகப் பெயின்ட் வைத்தால் இழை வழியாகக் கசிந்து, விரல் ரேகை திட்டாகிவிடும். அதனால் தண்ணீரில் கலக்கும் கிளியர் வார்னிஷை மெல்லிசாக ஒரு கை அடியுங்கள். பளபளப்பு இல்லாத மேட் வகை நல்லது, பிரஷ் கோடு தெரியாது. டப்பாவைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். குச்சியால் கிண்டினால் போதும். ஈரத்தில் பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். ஹார்ட்டினை நாலு பாட்டில் மூடிகள்மேல் தூக்கி வைத்தால் அடியில் ஒட்டாது. இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டு, 220 தாளால் இரண்டே தேய்ப்பு, துணியால் துடைப்பு.

விரல் ரேகை

நாலு வயசுக் கட்டைவிரல் ரேகை ஒரு புளியங்கொட்டை அளவுதான். ஏழு வயசு ரேகை பக்கத்தில் இருந்தால் ஜோடி அழகாக இருக்கும்.

அக்ரிலிக் பெயின்ட்டில் ஒரு சொட்டைப் பழைய தட்டில் விட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, அதில் மெல்லிசாக ஒற்றுங்கள். விரலைப் பெயின்ட்டில் முக்கக் கூடாது, ஸ்பாஞ்சில்தான் ஒற்ற வேண்டும். பெயின்ட் கூடினால் கோடுகள் மூடிக்கொண்டு வெறும் பொட்டுதான் வரும். முதல் பதிவைக் காகிதத்தில் வைத்து அதிகப்படியைப் போக்கிவிட்டு, இரண்டாவதை மரத்தில் வையுங்கள். ஒரு ரேகையை இடப்பக்கம் சாய்த்து, இன்னொன்றை வலப்பக்கம் சாய்த்து, அடிப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் அதுவே ஒரு குட்டி ஹார்ட்டின். காகிதத்தில் ஐந்தாறு தடவை பழகிக்கொள்ளட்டும். அழுத்து, நெளிக்காதே, நேராகத் தூக்கு என்று சொல்லிக்கொடுங்கள். தப்பாகிவிட்டால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். முதல் பூச்சு இருப்பதால் கறை இறங்காது.

வெளிர் மரத்தில் சிவப்பும் கருநீலமும் எடுப்பாக இருக்கும். சமையலறை மஞ்சளைக் குழைத்து வைக்கலாமே என்று என் மகள் கேட்டாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரமே வெளுத்துப் போகும். ஞாபகார்த்தமாக வைக்கும் பொருளுக்கு ஆகாது.

பெயர்

பிள்ளை எழுதியதை அப்படியே மரத்துக்கு மாற்ற வேண்டும். ஹார்ட்டின் அளவுக் காகிதத்தில் பென்சிலால் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், எழுத்து இரண்டு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். அந்தக் காகிதத்தின் பின்பக்கம் முழுக்க 4பி என்ற மென்கரிப் பென்சிலால் கிறுக்கிக் கருப்பாக்கி, மரத்தில் ஒட்டி, எழுத்தின்மேல் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி ஓட்டினால் கோடு கீழே விழும். கார்பன் தாளும் வைக்கலாம், ஆனால் அது வெளிர் மரத்தில் இழுபட்டுக் கறையாகும்.

கோட்டின்மேல் மெல்லிய பிரஷால் அக்ரிலிக் தீட்டுவதுதான் சுலபமான வழி. சூடுபோட்டு எழுத ஆசைப்படுகிறவர்கள் அதை முதல் பூச்சுக்கு முன்னால், மொட்டை மரத்தில், பெரியவர் கையால் செய்ய வேண்டும். 25 வாட் சோல்டரிங் அயர்ன் (ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும். வார்னிஷ் அடித்த மரத்தைச் சுட்டால் வரும் புகை கெட்டது. தமிழ் எழுத்து முழுக்க வளைவு. பைன் மரத்தில் ஆண்டு வளையம் கடினமாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருப்பதால், சூட்டுக்கோல் ஒரு இடத்தில் தயங்கும், ஒரு இடத்தில் வழுக்கும். "ழ"வும் "ஞ"வும் எழுதிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். ரப்பர் மரத்தில் இந்தத் தொல்லை குறைவு.

தமிழில் எழுதுவதில் ஒரு லாபம் உண்டு: புள்ளி. எழுதத் தெரியாத குட்டிக்கும் வேலை கிடைக்கும். பெரியவள் "அப்பத்தா" என்று தீட்டி முடித்ததும், புள்ளிகளைச் சின்னவனுக்கு விட்டோம். காது குடையும் பட்ஸைச் சிவப்பில் தொட்டுக் கொடுத்தேன். இரண்டு புள்ளிதான் கணக்கு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு "ப்" மேல் ஒன்று, "த்" மேல் ஒன்று வைத்தான். நான் பட்ஸை வாங்குவதற்குள் நடுவில் சும்மா இருந்த "ப" மேலும் ஒன்று வைத்துவிட்டான். துடைக்கத் துணியை எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். அத்தை இன்றைக்கும் வருகிறவர்களிடம் அதை "அப்ப்த்தா" என்று திக்கித் திக்கிப் படித்துக் காட்டுவார்.

பேனா விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் பிரஷுக்குச் சோம்பல்பட்டுப் பெர்மனன்ட் மார்க்கரில் எழுதவிட்டேன். அதன்மேல் ஆசாரி கொடுத்த பிரெஞ்ச் பாலிஷைத் தடவினேன். அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. மார்க்கர் மையும் ஸ்பிரிட்டில் கரையும் சாதி. ஒரே தடவலில் எழுத்தெல்லாம் ஊதா நிறத்தில் வழிந்து, "அம்மா, எழுத்து அழுவுது" என்றாள் மகள். மறுபடி 80 தாளிலிருந்து தொடங்கினோம். தண்ணீர் மையால் ஆன ஸ்கெட்ச் பேனாவில் எழுதித் தண்ணீர் வார்னிஷ் அடித்தாலும் இதே கதிதான். எந்தப் பேனா, எந்தப் பூச்சு என்றாலும் அறுத்து மிஞ்சிய துண்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு முகப்புக்கு வாருங்கள்.

கடைசிப் பூச்சு

ஒரு ராத்திரி காய்ந்ததும் அதே வார்னிஷ் இரண்டு கை, இரண்டு மணி நேர இடைவெளியில். கைக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பரிசைத் துணியில் சுற்றுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசலாம் என்று சிலர் சொல்வார்கள். மரம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் நனைத்தோதான் எறிய வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், காயாமல் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

கயிற்றுக்குச் சணல் நன்றாக இருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டிலுக்கு மேலோ எட்டும் உயரத்திலோ கட்டாதீர்கள்.

பின்பக்கம்

கடைசிப் பூச்சை முகப்புக்கும் ஓரத்துக்கும் மட்டும் அடித்து, பின்பக்கம் எழுத இடம் விடுங்கள். எழுதுவது பென்சிலால். பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் மங்கிப்போகும், பென்சில் கரி மங்காது. யார் செய்தது, யாருக்கு, செய்தவர் வயசு, தேதி, வருஷத்தை முழு நாலு இலக்கத்தில். மரம் எங்கே கிடைத்தது என்பதையும் எழுதலாம்.

மிச்ச இடத்தில் என்ன எழுதுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். அன்புள்ள அப்பத்தாவுக்கு என்று ஏதாவது எழுதுவாள் என்று நான் நினைத்திருந்தேன். "தம்பிக்கு இன்னும் பல் விழல. எனக்கு நாலு விழுந்துருச்சு" என்று எழுதியிருந்தாள். தேதியை அதற்குக் கீழே நான் எழுதினேன்.